முன்வரிசையில் நின்றவர்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் பாராட்டு. ஆனால் நான் பேச வந்தது, பரிசு வாங்காமல் கீழே உட்கார்ந்து கைதட்டிய பிள்ளைகளுக்காக. வீட்டுக்குப் போனதும் "உனக்கு ஒன்னும் கிடைக்கலையா?" என்று கேட்கப்போகும் பெற்றோருக்காகவும்தான்.

அமெரிக்காவில் ஓர் ஆட்டம் உண்டு. பேர் கால்பந்துதான், ஆனால் நம் திடலில் ஆடும் கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவில் இருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவார்கள், எறிவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். அதில் ஐந்து பேர் முன்வரிசையில் நிற்பார்கள். பந்தை எறிபவரை எதிரணி நெருங்காமல் தடுப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. பந்தோடு இவர்கள் ஓடுவது அபூர்வம். புள்ளி எடுத்தவன் பேரைத்தான் கூட்டம் கத்தும்.

அந்த வரிசையில் தலைசிறந்தவர்களில் ஒருவர் அந்தோணி முன்யோஸ். 1958இல் கலிபோர்னியாவின் ஒன்டாரியோ நகரில் பிறந்தவர். தாயார் ஒருவரே பாடுபட்டு ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினார். முன்யோஸ் சிறுவனாக இருந்தபோது உடம்பு மிகப் பெரிது என்று சிறுவர் குழுவில் சேர்க்கவில்லை. சாஃபி உயர்நிலைப்பள்ளிக்குப் போன பிறகே இந்த ஆட்டத்தில் இடம் கிடைத்தது. அங்கே கூடைப்பந்து, பேஸ்பால் என்று மற்ற ஆட்டங்களையும் விடவில்லை. எந்த உடம்பைக் காட்டி வேண்டாம் என்றார்களோ, அந்த உடம்பே பள்ளியில் அவருக்குப் பலமாயிற்று. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

அங்கேதான் சோதனை. முழங்காலில் மூன்று முறை அறுவைச் சிகிச்சை. 1979இல், கடைசி ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு வெளியேறினார். நாமாக இருந்தால் "போதும்டா சாமி" என்று ஒதுங்கியிருப்போம். அவர் 1980 ஜனவரி முதல் நாள், ரோஸ் பவுல் ஆட்டத்தில் மறுபடியும் களம் இறங்கினார். எதிரணியான ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 16-10 என்று முன்னால் நின்றது. கடைசி நேரத்தில் சார்ல்ஸ் வைட் பந்தோடு பாய, 17-16 என்று வெற்றி! வைட் அன்று ஓடியது 247 யார்டு. ஓடியவர் வைட், வழி திறந்தவர்கள் முன்யோஸும் அவருடைய வரிசைத் தோழர்களும்.

அதே ஆண்டில் சின்சினாட்டி பெங்கால்ஸ் குழுவின் பயிற்றுநர் ஃபாரஸ்ட் கிரெக் அவரைச் சோதித்துப் பார்க்க வந்தார். கிரெக்கும் பழைய முன்வரிசைக்காரர். தானே எதிரே நின்று மோதினார். முன்யோஸ் அவரைக் கீழே தள்ளிவிட்டார்! அந்தக் குழு அவரை எடுத்துக்கொண்டது. 13 ஆண்டுகள், 185 ஆட்டங்கள். அத்தனை ஆட்டத்திலும் பந்தைப் பிடித்தது 7 தடவைதான். அவர் குழு 1982இலும் 1989இலும் இறுதியாட்டம் வரை போய், இரண்டிலும் தோற்றது. கோப்பை கைக்கு வரவே இல்லை. இருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆட்டத்துக்கு 11 ஆண்டுகள் தொடர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1998இல் புகழ் மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். கோப்பை இல்லாதவரின் உழைப்பையும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பாருங்கள்!

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முன்வரிசைக்காரர் இருப்பார். விடியுமுன் அப்பாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிவிட, தம்பி தங்கைக்குத் தலைவாரிச் சாப்பாடு கொடுத்துக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவரும் அக்கா அவள். அவளுக்கு நாம் இங்கே கிண்ணம் கொடுக்கவில்லை. இரண்டு புள்ளி குறைந்துவிட்டது என்பதற்காக "படிச்சது போதும், வீட்டைப் பார்த்துக்க" என்று அவளை நிறுத்திவிடாதீர்கள்.

மாணவர்களே, உங்களுக்காக வழி திறந்துவிட்டவர் யார் என்று இன்றிரவு யோசித்துப் பாருங்கள். பரிசு வாங்கியவர்கள் அந்தக் கிண்ணத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள். வாங்காதவர்கள் அடுத்த வாரம் வழக்கம்போலப் புத்தகப் பையோடு வந்து சேருங்கள். இடம் காத்திருக்கும்.