அமைச்சரவையில் தோழமை, பால்கரில் போட்டி

மராட்டியத்தின் பால்கர் மக்களவைத் தொகுதியில் 2018 மே 28-ல் நடந்த இடைத்தேர்தலை உங்கள் முன் வைக்கிறேன். பாரதிய ஜனதா உறுப்பினர் சிந்தாமன் வனகா மறைந்ததால் வந்த தேர்தல் அது. அவருடைய மகன் ஸ்ரீனிவாசைச் சிவசேனை நிறுத்தியது. காங்கிரசிலிருந்து வந்த ராஜேந்திர காவித்தைப் பாரதிய ஜனதா நிறுத்தியது. மும்பையிலும் டெல்லியிலும் இவ்விரு கட்சிகளும் அன்று ஒரே அமைச்சரவையில் இருந்தன. காவித் 2,72,782 வாக்குகள் பெற்றார், ஸ்ரீனிவாஸ் 2,43,210. வென்றவருக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்குகூட விழவில்லை.

ஆட்சி கவிழாது என்று தெரிந்தே மக்கள் வாக்களிப்பதால்தான், இடைத்தேர்தல் ஆட்சிக்கு மதிப்பெண் போடும் தேர்தலாகிறது. பால்கர் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. மும்பை-அகமதாபாத் புல்லட் ரயிலுக்கு நிலம் கேட்கப்பட்ட பகுதி. அத்திட்டத்தைச் சிவசேனை எதிர்த்துப் பேசியது. திட்டத்தைக் கொண்டுவந்த மத்திய அரசில் அதன் அமைச்சர் தொடர்ந்து பதவியில் இருந்தார். நிலம் போய்விடுமே என்று கலங்கிய ஒருவர் சிவசேனையின் வில் அம்புச் சின்னத்துக்குப் போட்ட வாக்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எதிர்ப்பிலா, ஆதரவிலா? ஆட்சியின் ஒரு பாதியே எதிர்க்கட்சியின் இடத்திலும் வந்து நின்றால், மக்களின் கோபம் திரும்பவும் அந்த ஆட்சிக்குள்ளேயே போய்ச் சேருகிறது.

ஒரு தொகுதியை ஒரே கட்சிக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிடலாமா, தோழமைக் கட்சி வளர வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போட்டியிடும் உரிமையை நான் மறுக்கவில்லை. பதவியைப் பிடித்துக்கொண்டே போட்டியிடுவதைத்தான் மறுக்கிறேன். அடுத்த தேர்தலில் தனித்து நிற்போம் என்று சிவசேனை அந்த ஜனவரியிலேயே அறிவித்துவிட்டதே என்றும் சொல்வார்கள். அறிவித்தது உண்மை. ஆனால் அமைச்சர் பதவிகளை அது விடவில்லை. 2019 பிப்ரவரியில் கூட்டணி மறுபடி ஒட்டிக்கொண்டது. பால்கர் சிவசேனைக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே அதன் வேட்பாளர் யார்? அதே காவித்! கட்சி மாறி வந்து நின்றார், வென்றார். காவித் வேண்டாம் என்று வில் அம்புக்கு வாக்களித்தவர்களிடம், ஓராண்டு முடிவதற்குள் அதே சின்னத்தைக் காட்டி, காவித்துக்கே போடுங்கள் என்று கேட்டார்கள். அந்த இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு உண்டா?

பாரதிய ஜனதாவுக்கும் இதில் சம பங்கு உண்டு. எதிர்த்து நின்ற தோழமைக் கட்சியை அமைச்சரவையை விட்டுப் போகச் சொல்லாத தலைமை அது. இப்படிப் பதவி விலகச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆகவே கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்கள்தான். தோழமைக் கட்சியின் வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வந்தால், உங்கள் அமைச்சர்கள் ராஜினாமா செய்துவிட்டார்களா என்று முதலில் கேளுங்கள்.