பருவம் முந்துவது யார் குற்றம்?

(திருத்தங்கல் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மேடையில் பேசத் தகாதது என்று பெரியவர்கள் ஒதுக்கி வைத்த விஷயமாகும். ஆனால் அதே பெரியவர்கள்தான், வீட்டில் ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, தாய்மாமன் சீரோடு அவள் படத்தையும் தெருமுனையில் நிறுத்துகிறார்கள். ஆகையால் நாம் பேசுவதில் வெட்கமொன்றுமில்லை.

ஏழு வயதில் பெண்ணுக்கு மார்பு வளர ஆரம்பித்தால் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வெளியே தெரியாமல் மறைக்கிறார்கள். ஒன்பதில் தீட்டு வந்தபின் ஜோசியரிடம் ஓடுகிறார்கள். அவர் ருது ஜாதகம் கணிக்கிறார். கிழமைக்கொரு பலன், நட்சத்திரத்துக்கொரு தோஷம், தோஷத்துக்கொரு பரிகாரம், பரிகாரத்துக்கொரு தட்சணை! வீட்டிலோ மாமியார், "எல்லாம் தாய் வளர்த்த லட்சணம்" என்கிறார். ஆக, பணம் ஜோசியருக்கு, பழி தாய்க்கு. குழந்தைக்கு வைத்தியம் மாத்திரம் இல்லை.

வைத்திய சாஸ்திரம் என்ன சொல்லுகிறது? பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பும், ஆணுக்கு 9 வயதுக்கு முன்பும் பருவக்குறி தோன்றினால் அதைக் கவனிக்க வேண்டும் என்கிறது. பருவத்தைத் துவக்கும் உத்தரவு மூளையின் அடியிலுள்ள ஹைப்போதாலமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. குழந்தைப் பிராயம் முடியும்வரை அந்த உத்தரவை அடக்கி வைக்கும் கடிவாளங்கள் உண்டு. எம்.கே.ஆர்.என்.3 என்னும் மரபணு அவற்றிலொன்று. அது பழுதானால் பருவம் முந்துகிறது என்று 2013-ல் கண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். மரபணு ஒவ்வொன்றும் தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்றாக நமக்குக் கிடைக்கிறது. இந்த மரபணுவில் தாய் தந்த பிரதி ரசாயன முத்திரையால் மூடப்பட்டிருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் எழுத்து அழியாமல் ஒரு பக்கத்தை மாத்திரம் ஒட்டி வைப்பதுபோல! தகப்பன் தந்த பிரதியே வேலை செய்கிறது. ஆகவே இந்தக் கோளாறு தகப்பன் வழியாகத்தான் வெளிப்படும். 2017-ல் கண்ட டி.எல்.கே.1 மரபணுவின் கதையும் இதுவே. தகப்பன் அதைத் தன் தாயிடமிருந்து பெற்றிருந்தால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பிள்ளைகளிடம்தான் தெரியும். மருமகளை ஏசுகிற மாமியாரே அதைக் கொடுத்தவராகவும் இருக்கலாம்! இனி அவரை ஏசுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேட்டு வாங்காத சொத்துக்கு யாரும் குற்றவாளியல்ல என்றே சொல்லுகிறோம்.

மரபணு ஒன்றே காரணம் என்றும் எண்ணிவிடாதீர்கள். நம் தேசத்திலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன பெண்களை ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் 11.6 வயதுக்குள், அந்நாட்டுப் பெண்களுக்கு முன்பாகவே, ருதுவாகியிருந்தார்கள். உணவும் இடமும் வாழ்வும் மாறினால் உடலின் காலக்கணக்கும் மாறுகிறது. உடற்கொழுப்பு மிகுவதும் பெண்களில் பருவத்தை முந்தச் செய்கிறது. இதில் சனி எங்கே, ராகு எங்கே?

அசட்டை செய்தால் வரும் கெடுதி என்ன? குழந்தை முதலில் நெடுநெடுவென வளரும். பின் எலும்பின் வளர்முனைகள் சீக்கிரம் மூடி, குள்ளமாய் நின்றுவிடும். ஆண்பிள்ளையானால் மூளையில் கட்டி இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். இடக்கை எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சங்கதியைச் சொல்லும். தேவையானால் பருவத்தை நிறுத்திவைக்க ஊசி உண்டு. ஊசியை நிறுத்தினால் பருவம் தன் வழியே தொடரும்.

கடைசியாக ஒன்று. ருதுவானால் மணத்துக்குத் தயார் என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை. 1891-ல் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக்கியபோது, மதம் போச்சு என்று கூவினார்கள். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கியது; 2006 சட்டத்தின்படி பதினெட்டுக்கு முன் மணம் குற்றம். ஒன்பது வயதில் ருதுவானாலும் அவள் நாலாம் வகுப்புக் குழந்தைதான். பொம்மை வைத்து விளையாடும் குழந்தைதான்.

ஆகவே தோழர்களே, பந்தலுக்குச் சேர்த்த பணத்தை அவள் படிப்புக்கு வையுங்கள். ஜோசியர் வீட்டுக்கு நடக்கும் நடையை ஆஸ்பத்திரிக்கு நடவுங்கள். அவளை ஓலைக்குள் உட்கார்த்தாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.