வடித்தலும் மீட்டலும்



நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. அவற்றின் நுண்குழாய் முடிச்சுகளில் குருதி அழுத்தத்துடன் பாயும்போது, குருதியணுக்களும் பெரும்புரதங்களும் தங்கிவிட, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர்மம் வடிகிறது. அதில் யூரியா என்னும் கழிவும் உண்டு. உடலுக்கு வேண்டிய சர்க்கரையும் உப்பும் உண்டு. வேண்டியவற்றையும், நீரில் நூற்றுக்கு 99 பங்கையும் அடுத்துள்ள குழல்கள் குருதிக்கே மீட்டளிக்கின்றன. எஞ்சும் ஒன்றரை லிட்டரே சிறுநீர்.

உடலில் நீர் குறைந்தால், மூளை சுரக்கும் வாசோப்ரெசின் மேலும் நீரை மீட்கச் செய்யும். சிறுநீர் சுருங்கி அடர்மஞ்சளாகும். ஆயினும் கழிவு நீங்க நாளும் அரை லிட்டரேனும் வெளியேற வேண்டும்.

மதுரை வெயிலோ ஆவணியிலும் தணிவதில்லை; வியர்வையாகவும் நீர் கழிகிறது. ஆதலின் அந்திக்குப்பின் நீரருந்தா நோன்புடையோர், காய்ச்சி ஆறிய நீரைப் பகலிலேயே போதுமளவு பருகுக. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உடையோர், உபவாசம் ஏற்குமுன் மருத்துவரைக் கலந்தறிக. நோன்பு நிறைவுற உடலும் துணைநிற்க வேண்டுமன்றோ!