பலகையில் என்ன எழுதுவது?

 

நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். லாரிப் பட்டறை வைத்தது ராஜபாளையத்தில். இரண்டு ஊரையும் விட மனசில்லை. ஆகவே நடுவில் ஆண்டாள் கோயில் கோபுரம், சுற்றிலும் பல்சக்கரம், கீழே பாயும் ராஜபாளையம் நாய். அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தில் பலகை எழுதியாச்சு!

வக்கீலான வகுப்புத் தோழன் வந்தான். "டேய், அரசு முத்திரை மாதிரியே இருக்குடா. 1950-ஆம் வருஷச் சட்டப்படி, அந்தச் சாயலைக்கூட அனுமதியில்லாம வியாபாரத்துக்கு வைக்கக் கூடாது" என்றான்.

"நம்ம ஊர்க் கோபுரம்தானேடா?"

"கோபுரம் நம்மளுது, முத்திரை சர்க்காருது!"

ரப்பர் ஸ்டாம்பிலோ கோபுரம் மைக்கறை ஆனது. நாய் பூனை ஆனது. பலகை எழுதிய பெரியவரே சொன்னார்: "தம்பி, தென்காசி பஸ்ஸுல போறவன் கண்ணுல ஒரு நொடியில நிக்கணும்."

யோசித்துப் பார்த்தேன். பென்ஸ் காரின் மூன்று முனை நட்சத்திரம் 1909-இல் பதிவானது. நிலம், நீர், ஆகாயம் என்று பொருள். ஆடியின் நான்கு வளையங்கள், 1932-இல் இணைந்த நான்கு கம்பெனிகள். ஃபோர்டுக்கு வெறும் பெயர்தான். எதிலும் கோடு கொஞ்சம், சேதி ஒன்றே.

பலகையை அழித்தேன். மஞ்சளில் கறுப்பாக ஒரு போல்ட் தலை, அதற்குள் அப்பா பெயரின் முதலெழுத்து. அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத டிரைவரும் "போல்ட் பட்டறை" என்று தேடி வருகிறார்.

மாணவச் செல்வங்களே, பலகையைப் பார்த்து ஒரு தடவை வருவாங்க. வேலையைப் பார்த்துத்தான் மறுதடவை வருவாங்க.