காகிதம் படைத்த கைகள்

இந்தக் கூட்டத்துக்கு நம்மை அழைத்தது ஒரு துண்டுப் பிரசுரம். காகிதமும் அச்சும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. இரண்டும் முதலில் தோன்றிய நாடு சீனா. அந்தச் சரித்திரத்தை இன்று பார்ப்போம்.

ஆதியில் சீனர்கள் மூங்கில் பட்டைகளிலும் பட்டுத்துணியிலும் எழுதினார்கள். மூங்கில் பெரும் பாரம். பட்டோ பணக்காரர் பொருள். ஏழைக்கு எழுத்து எட்டாக்கனி!

கி.பி. 105-ல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி காகிதம் செய்யும் முறையைச் சக்கரவர்த்தியிடம் தெரிவித்தார். காகிதம் கண்டவர் அவரே என்று ஏடுகள் எழுதி வைத்தன. அவர் தொழிலைச் சீர்படுத்தியது உண்மை. ஆனால் 1986-ல் கான்சு மாகாணத்தில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது, அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முந்திய காகிதத் துண்டு கிடைத்தது! அதைச் செய்தவர் யார்? பெயரில்லை.

காகிதம் எதிலிருந்து பிறந்தது? மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, கிழிந்த மீன்வலை! இவற்றை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, நீரில் கலக்கி, சல்லடையில் அள்ளி, வடித்து உலர்த்தினார்கள். நாரோடு மல்லாடும் வேலை எத்தகையதென்று பஞ்சாலைத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு அச்சு வந்தது. மரப்பலகையில் எழுத்துக்களை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி, காகிதத்தை வைத்துத் தேய்த்தார்கள். இவ்விதம் 868-ல் அச்சான வஜ்ஜிரச் சூத்திரம் என்ற பௌத்த நூல் இன்றும் லண்டனில் இருக்கிறது.

1041-க்கும் 1048-க்கும் இடையில் பி ஷெங் என்பவர் களிமண்ணில் தனித்தனி எழுத்துக்கள் செய்து சுட்டார். இரும்புத் தட்டில் பிசினும் மெழுகும் பரப்பி, எழுத்துக்களை அடுக்கி, சூடு காட்டி இறுக்கினார். அச்சானதும் மீண்டும் சூடு காட்டினால் எழுத்துக்கள் கழன்றுவிடும். அடுத்த பக்கத்துக்கு உதவும். பி ஷெங் பதவியோ பட்டமோ இல்லாத சாமானியர். ஷென் குவோ என்ற அறிஞர் எழுதிவைத்திராவிட்டால் அவர் பெயரும் மறைந்திருக்கும்.

இன்னொரு செய்தி கேளுங்கள். சுங் வம்ச காலத்துப் (960–1279) புத்தகங்கள் பலவற்றில், பக்கத்தின் மடிப்போரம் பலகை செதுக்கிய தொழிலாளியின் பெயர் சின்னஞ்சிறு எழுத்தில் இருக்கிறது. எதற்காக? கூலிக் கணக்குக்காக! தேதியில்லாத நூலின் வயதை இன்று அறிஞர்கள் அந்தப் பெயர்களைக் கொண்டே கணிக்கிறார்கள். கூலிக் கணக்கே சரித்திரச் சான்றாகிவிட்டது!

தோழர்களே! அடுத்தமுறை பத்திரிகையை விரிக்கும்போது, பெயர் தெரியாத அந்தக் கைகளை நினைப்போம். நாம் படிப்போம்; படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துக் காட்டுவோம்!