படலையடியில் கேட்ட கேள்வி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில், பல்கலைக்கழகத்திலே மின்னியலும் கணினியும் கற்பது பற்றிச் சில வார்த்தை சொல்லுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். அதற்கு இசைந்த அன்றே அயலிலுள்ள பெரியவர் ஒருவர் எங்கள் படலையடியில் என்னை மறித்து, "தம்பி, கொம்பியூட்டர் கிடைச்சதோ, இல்லாட்டிக் கறண்டுதானோ?" என்று கேட்டார். அந்தக் "கறண்டுதானோ" என்ற சொல்லிலே பெரிய இரக்கம் தொனித்தது. அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் இன்று முன்வரிசையிலே அமர்ந்திருக்கிறார்; ஆகவே இப்பொழுது சொல்லுகிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. யுத்தம் 2009இல் முடிந்தது. ஐந்தாண்டு கழித்து 2014இல், அதே மண்ணில் முதல் அணி மாணவர்கள் பாடம் தொடங்கினார்கள். படிப்பு நான்கு ஆண்டு. முதலில் எல்லோரும் ஒன்றாகப் படித்து, பின்னர் துறை பிரிகிறோம். என் அணியிற் பலர் கணினியையே முதல் விருப்பமாக எழுதினர். எனக்கும் அது கிடைக்கக் கூடியதாயிருந்தும் மின்னியலை எழுதிக் கொடுத்தேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. கலியாணச் சந்தையில் இரண்டுக்கும் விலை வேறு என்பது இங்குள்ள தாய்மாருக்குத் தெரியும். அதை நான் விரிக்கப் போவதில்லை.

உண்மையில் இவை இரண்டும் ஒரே குடும்பம். 1854இல் ஜோர்ஜ் பூல் என்ற கணித அறிஞர், உண்மை, பொய் என்னும் இரண்டையும் அட்சரகணிதம் போலக் கையாளும் முறையை ஒரு நூலில் விரித்தார். நெடுங்காலம் அது தத்துவக்காரர் விளையாட்டாகவே கிடந்தது. 1937இல் குளோட் ஷனன் என்ற அமெரிக்க மாணவர், தமது 21ஆம் வயதில், மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு எழுதிய முதுமாணி ஆய்வுரையிலே, மின்னாளிகளைத் தக்கவாறு தொடுத்தால் அவை அந்தக் கணிதத்தையே செய்யும் என்று காட்டினார்.

இதை விளங்குவதற்கு இயந்திரம் வேண்டாம். ஒரு கன்றுக்குட்டி போதும். வளவுக்கு ஒரு படலை, அதற்கு அப்பால் ஒழுங்கைக்கு இன்னொரு படலை. கன்று தெருவுக்குப் போவதாயின் இரண்டும் திறந்திருக்க வேண்டும். அவ்விரு படலைகளும் ஒரே வேலியிற் பக்கம் பக்கமாக இருந்தாலோ, ஒன்று திறந்தாலே கன்று கீரைப் பாத்திக்குள் நிற்கும். கன்றுக்குப் பதில் மின்னோட்டம், படலைக்குப் பதில் ஆளி. நமது பாடநூல்களில் இதற்குத் தர்க்கப் படலை என்றே பெயர். 1947இல் திரான்சிற்றர் வந்தபின் அந்தப் படலைகள் சிறுத்துக்கொண்டே போய், இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசியிலே கோடிக்கணக்கில் அடைந்து கிடக்கின்றன. அந்த நிறுவகமே 1975இல் தன் மின்பொறியியற் பகுதியின் பெயரோடு கணினி விஞ்ஞானத்தையும் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் நான் ஏன் மின்னியலை எழுதினேன்? 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று நிலைமாற்றியிற் பட்டதாக அமைச்சர் சொன்னார். நாடு சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன்: ஒரு குரங்கு ஏன் ஒரு தேசத்தை இருளில் ஆழ்த்த வேண்டும்?

குயவனுடைய சக்கரத்தைப் பாருங்கள். கையை எடுத்தபின்னும் அது சிறிது நேரம் சுழலும். மின்நிலையங்களிலுள்ள பாரிய சுழலிகளும் அவ்வாறே. எங்கேனும் பழுது நேர்ந்தால், அவற்றின் சடத்துவம் சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் மற்றைய நிலையங்கள் ஈடு கொடுக்கும். நமது மின்சாரத்தின் மீடிறன் விநாடிக்கு 50 சுற்று. அது மிகவும் தாழ்ந்தால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே கழன்றுவிடும். அன்றோ ஞாயிற்றுக்கிழமை; தொழிற்சாலைகள் ஓய்வு, பாவனை குறைவு, வானத்திலே நல்ல வெயில். கூரைகளிலுள்ள சூரியத் தகடுகள் பெரும்பங்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தன. தகட்டிலே சுழல்வது ஒன்றுமில்லை. தாங்கிப் பிடிக்கச் சக்கரம் போதாமையால், நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் உட்பட எல்லாம் சரிந்தன. அடுத்த சித்திரை விடுமுறையிலே கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்க நேர்ந்தது. வெயிலைக் கும்பிடும் நாட்டிலே வெயில் அதிகமாகிவிட்டதாம்!

இதற்குப் பரிகாரம் உண்டு. தகட்டின் மின்சாரத்தை ஆடலோட்டமாக்கும் இன்வேட்டரை, ஒரு சுழலும் சக்கரம் போல நடந்துகொள்ளுமாறு நிரல் எழுதிப் பழக்கலாம். மின்கலத் தொகுதிகளையும் சேர்க்கலாம். நிரல் எழுதுபவனுக்குச் சக்கரம் தெரிய வேண்டும். சக்கரம் தெரிந்தவனுக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டும். பெரியவர் ஐயா, நான் நிற்கும் இடம் அதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990களிலே என் தாயார் ஜாம் போத்தலுக்குள் திரி இட்டுப் படித்தவர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையாற் பெடலைச் சுற்றி, அதன் டைனமோவால் வானொலி கேட்ட கதையை இங்குள்ள பலர் சொல்லக் கூடும். 2022 மார்ச்சு இறுதியிலே ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, தாயார் குசினித் தட்டிலிருந்து பழைய போத்தல் ஒன்றை எடுத்துக் கழுவினார். எண்ணெய் ஊற்றப் பார்த்தாற் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. போத்தலைத் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

தம்பி தங்கைமாருக்கு ஒன்று கூற வேண்டும். அங்கே பாடம் ஆங்கிலத்தில். முதற் கிழமைகளில் விரிவுரையாளர் "கேற்" "கேற்" என்று சொல்ல, நான் பின்வாங்கில் தலைகுனிந்து இருந்தேன். அது நம்முடைய படலைதான் என்று தெரிய எனக்கு மூன்று விரிவுரை சென்றது. உயர்தரத்திலே தமிழிற் கற்றது வீணில்லை; பெயர்தான் மாறியிருக்கிறது. ஆயினும் அதைச் சொல்லித் தர ஆளில்லாமல், கணிதத்தில் என்னிலும் சிறந்த என் சிநேகிதன் ஒருவன் முதற் பரீட்சையிலே தவறினான். கேள்வி விளங்கவில்லை என்பதைக் கேட்க அவனுக்கு வெட்கம்.

ஆகவே உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்கள், தை மாதம் முதல் சனிக்கிழமைதோறும் பின்னேரம் 4 மணிக்கு நமது வாசிகசாலைக்கு வாருங்கள். பௌதிகவியற் பாடநூலைக் கையோடு கொண்டு வாருங்கள். தமிழ்ச் சொல்லுக்கு நேரே ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு போவோம். மண்டபத்துத் திறப்பைத் தருவதாகத் தலைவர் அவர்கள் வாக்களித்திருக்கிறார்கள்.