கண்ணா? கணக்கா?



கால்பந்து வீரனின் தரத்தை அறியப் பெரிதும் உதவுவது கண்ணே என்று எனக்கு முன்னாலே ஐயா பேசிவிட்டுப் போனார். கணக்கே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

ஐயா ஒரு கதை சொன்னார். சார்லஸ் ரீப்னு இங்கிலாந்து விமானப்படையிலே கணக்கு பார்த்த அதிகாரி. 1950 மார்ச் 18-ஆம் தேதி ஸ்விண்டன் டவுன் ஆட்டத்துக்குப் போனவர், பென்சிலை எடுத்து எண்ண ஆரம்பிச்சார். பல வருஷம் எண்ணினார். பெரும்பாலான கோல் மூணு பாஸுக்குள்ளேயே விழுதுன்னார். அதை நம்பிச் சில பயிற்சியாளர்கள், "பந்தை நீளமா அடி, ஓடு"ன்னு ஆட்டத்தையே கெடுத்தாங்க. அதனாலே கணக்கு பொய்யாம்!

நடுவர் அவர்களே, ஊர்லே நூறு வீடு. அதிலே தொண்ணூறு ஓட்டு வீடு. மழை பெய்ஞ்சு பத்து வீடு ஒழுகுது. அதிலே ஒன்பது ஓட்டு வீடு. உடனே ஓட்டு வீடுதான் மோசம்னு சொல்லலாமா? ஊர்லே இருக்கிறதே ஓட்டு வீடுதானே சாமி! (சிரிப்பு)

ரீப் கணக்கிலே இருந்த ஓட்டையும் இதுதான். ஆட்டத்திலே பெரும்பாலான தடவை பந்து மூணு பாஸுக்குள்ளேயே கைமாறிடும். அப்போ கோலும் அதிலேதான் அதிகமா இருக்கும். 1990, 1994 உலகக் கோப்பை ஆட்டங்களை எடுத்து, விகிதம் போட்டுப் பார்த்து, ஹியூஸ், ஃபிராங்க்ஸ்னு இரண்டு ஆய்வாளர்கள் 2005-லே எழுதினாங்க: நீளமான பாஸ் தொடர்தான் அதிக பலன் தருது. கணக்கோட தப்பை எது கண்டுபிடிச்சது? கண்ணா? இன்னொரு கணக்கு! (கைதட்டல்)

மளிகைக் கடைக்காரர் தப்பா எழுதினா நோட்டைக் கிழிப்போமா? திரும்பக் கூட்டிப் பார்ப்போம். கண் தப்புப் பண்ணினா எதைக் கூட்டிப் பார்க்கிறது?

பண்ணியிருக்கே! பாரிஸ்லே பிறந்த கான்டேன்னு ஒரு பையன். சுமார் ஐந்தரை அடி. "குள்ளம்"னு பெரிய கிளப்புகள் கண்ணாலே கழிச்சது. 21 வயசிலே பிரான்சின் மூணாவது டிவிஷன்லே ஆடிக்கிட்டிருந்தான். 2015-லே லெஸ்டர் சிட்டி எடுத்தது. அந்த சீசன்லே டேக்கிள் 175. எதிராளி பாஸை இடைமறிச்சது 156. இரண்டிலேயும் பிரீமியர் லீக்கிலே முதலிடம். 2016-லே லெஸ்டர் சாம்பியன்! "குள்ளம்"னு சொன்னவர்கிட்டே அந்தப் பையன் என்ன வாதாட முடியும்? 175-ன்னு சொன்னா வாதாடலாம்.

2021-லே கெவின் டி புரூய்ன் மான்செஸ்டர் சிட்டியோட சம்பளம் பேசப் போனார். ஏஜென்ட் இல்லை. புள்ளிவிவர ஆய்வாளர்கள் போட்டுக் கொடுத்த கணக்கோடு போய், 2025 வரைக்கும் ஒப்பந்தம் வாங்கினார்.

எண்ணாததெல்லாம் இல்லாததில்லை, ஒத்துக்கறேன். சரியான இடத்திலே நிற்கிற தடுப்பாட்டக்காரனுக்கு டேக்கிளே தேவைப்படாது. அப்போ அவன் நிற்கிற இடத்தையும் எண்ணணும். எண்ணுறதையே நிறுத்தக் கூடாது.

பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஒரு வீரனோட பிழைப்பு. அதை ஒருத்தரோட பிடித்தம் தீர்மானிக்கலாமா? கண் ரசிக்கட்டும், தீர்ப்பைக் கணக்கு சொல்லட்டும். ஆகவே, பெரிதும் உதவுவது கணக்கே எனத் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)